லீமா சேரை வைத்துச் செய்த சோதனை

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முந்தி, எங்கள் கணினிப் பிரிவுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் இருவர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நிறுவனத்தின் மின்னஞ்சல் முழுவதும் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் கிளவுட்டுக்குப் போகப் போகிறது என்ற செய்தி அன்றுதான் வந்திருந்தது.

"மிஸ், இனி அந்த மூலை அறையைச் சாப்பாட்டறை ஆக்கலாம்தானே? இனி ஆரு இஞ்ச சேர்வரைச் சோதிக்கப் போறாங்க?" என்று கேட்டார்கள்.

"அந்த அறைக்குள்ளதான் லீமா சேர் ஒருக்காச் செத்துப் பிழைச்சவர்" என்றேன். இருவரும் சாப்பாட்டறை யோசனையை மறந்து கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்துவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையும், வேலையில் இருந்த காரணத்தால் சொல்லாமல் விழுங்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இப்போதைய பணிப்பாளர் எனக்குப் பிரியாவிடையில் தந்த சுவர்க்கடிகாரத்தைத் திருப்பிக் கேட்பார். வாவிக்கரையில் இருக்கும் ஒரு பயிற்சி நிறுவனம், மாவட்டம் முழுவதும் சிறு நிலையங்கள் உண்டு, தலைமையகம் கொழும்பில் என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். நான் ஆரையம்பதிக்காரி. படித்தேன், பரீட்சையில் சித்தியடைந்தேன், இங்கே வேலைக்கு வந்தேன். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேலையை எனக்குக் கற்பித்தது லீமா சேருடைய முகச்சுளிப்புகள்தான்.

லீமா சேர் எங்கள் பிரிவின் பொறுப்பதிகாரி. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர். எங்களைப் போலவே தமிழ் பேசுவார். கோபம் முற்றினால் மட்டும் பாட்டன் பூட்டன் காலத்துப் போர்த்துக்கேயச் சொல் ஒன்று எட்டிப் பார்க்கும். அதன் பொருளை அவர் கடைசிவரை எங்களுக்குச் சொல்லவில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத சேட்டு, பொக்கெற்றில் ஒரு சிவப்பு ஒட்டுநாடா. எந்த வயரைத் தொடக்கூடாதோ அதில் அந்த நாடாவை ஒட்டிவிட்டு, "இதுக்கு மேல கை வைக்கிறவன் எனக்கு ஆளில்ல" என்பார். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவார். சாப்பிடும்போது வானம் இடிந்தாலும் போனை எடுக்க மாட்டார்.

எங்கள் பழைய மின்னஞ்சல் சேர்வர் ஒருநாள் படுத்துவிட்டது. பரீட்சைப் பெறுபேறு வெளியான நாளில் படுத்தது என்றால் பெருமையாவது இருந்திருக்கும். முந்தைய பணிப்பாளர் காலமான செய்தியை ஒருவர் படத்தோடு எல்லோருக்கும் அனுப்ப, எல்லோரும் எல்லோருக்கும் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று பதில் போட, ஒவ்வொரு பதிலோடும் அந்தப் பெரிய படமும் திரும்பத் திரும்பப் போக, சேர்வர் மூச்சை நிறுத்திக்கொண்டது. அடக்கம் முடிந்த பிறகுதான் அது எழும்பியது.

தலைமையகம் கொதித்தது. புதிய மெசின் ஒன்றை அனுப்பினார்கள். கூடவே அங்கிருந்த பொறியியலாளர் போனில் ஒரு எச்சரிக்கையும் அனுப்பினார். புதியதைப் பாவனைக்கு விடுமுன் சுமை கொடுத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். அதுவும் ஒருமுறை விழுந்தால் மின்னஞ்சல் கொழும்புக்குப் போகும், அதைப் பார்க்கும் ஆட்கள் இரண்டு பேரும் கூடவே போக வேண்டும்.

அந்த இரண்டு பேர் லீமா சேரும் நானும். என் மகள் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். என் வீட்டுக்காரர் வேளாண்மை செய்பவர். வயல் வட்டையைப் பாயைப் போலச் சுருட்டிக்கொண்டு கொழும்புக்கு வர முடியாது. இடமாற்றம் வந்தால் நான் குடும்பத்தை விட்டுவிட்டுப் போக வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். உண்மையிலேயே பயந்துபோனேன். லீமா சேர் பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "வாவிக் காத்துப் படாட்டி எனக்கு நித்திரை வராது பிள்ளை. அதால இந்த மெசின் விழாது" என்றார். அவருடைய நித்திரைக்கும் மெசினுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் துணிவு வரவில்லை.

மூலை அறையைச் சோதனைக்கென்று ஒதுக்கினோம். நடுவில் புதிய சேர்வர். அதைச் சுற்றி, பயிற்சி வகுப்பில் கழித்துப்போட்ட கணினிகள் சில. அவை மனிதர்களுக்குப் பதிலாக மின்னஞ்சல் அனுப்பும், பெறும். இவை எல்லாம் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் தனி இணைப்பு. வெளி உலகத்துக்குப் போகும் ஒரே வயரின் தலையைக் கழற்றி, சிவப்பு நாடா ஒட்டி, சுவரில் அடித்த ஆணியில் தொங்கவிட்டார் லீமா சேர். ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் அதைக் காட்டி, "இஞ்ச பாருங்க, தலை வெளியில இரிக்கு" என்று சொன்ன பிறகே தொடங்குவார். அறையில் நான் மட்டும் நின்றாலும் அப்படித்தான். பூசைக்கு முன்னால் மணி அடிப்பது போல எனக்கு அது பழகிவிட்டது.

முதல் சிக்கல் கடிகாரம். ஒரு அஞ்சல் போய்ச் சேர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளக்க வேண்டுமானால் எல்லாக் கணினிகளிலும் ஒரே நேரம் இருக்க வேண்டும். கழித்த கணினிகளில் ஒன்றுக்கு உள்ளே இருந்த பற்றரி செத்துப்போயிருந்தது. போட்டவுடன் அது பழைய காலத்தில் கண் விழிக்கும். முதல் நாள் அளவுகளைப் பார்த்தால், சில அஞ்சல்கள் அனுப்புவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தன. "கொழும்புக்கு இதை அனுப்புவம் பிள்ளை. இவ்வளவு வேகமான சேர்வர் உலகத்திலேயே இல்ல" என்றார் லீமா சேர்.

தலைமையகத்துப் பொறியியலாளர் அடிக்கடி போனில் ஆலோசனை சொல்வார். வைரஸ் பார்க்கும் மென்பொருளை நிறுத்திவிட்டுச் சோதித்தால் வேகம் நன்றாக வரும் என்றார் ஒருநாள். லீமா சேர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மழைக்குள்ள போற தோணியை வெயிலுக்க வச்சா பாக்கிற?" நிறுத்தவில்லை. வெறுமையான அஞ்சல் பெட்டிகளை வைத்துச் சோதிப்பதும் அவருக்குப் பிடிக்காது. எல்லாருடைய பெட்டிகளையும் உண்மையாக இருப்பதைப் போலவே பழைய குப்பைகளோடு நிரப்பச் சொன்னார். பெயர்கள் உண்மையான பெயர்கள். பாதிப் பேர் எங்கள் சேர்வரை நம்பாமல் தங்கள் அஞ்சல்களைச் சொந்த முகவரிகளுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்த ஏற்பாட்டையும் அப்படியே பிரதி எடுத்தோம்.

ஒரு விடயத்தை இங்கே விளக்க வேண்டும். வெளியே அனுப்ப முடியாத அஞ்சலைச் சேர்வர் எறிந்துவிடாது. வரிசையில் நிறுத்தி வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். வழக்கமாகச் சில நாளில் கைவிட்டுவிடும். எங்கள் பக்கம் மாரி வெள்ளத்தில் இணைப்பு அறுந்தால் நாட்கணக்கில் வராது என்பதால், லீமா சேர் அந்தக் காலத்தை நன்றாக நீட்டி வைத்திருந்தார். வெள்ளம் வடியும்வரை பொறுத்திருக்கும் சேர்வர் என்று அதில் அவருக்குப் பெருமை.

அடுத்தது சோதனை அஞ்சலில் என்ன எழுதுவது என்ற கேள்வி. நான் "டெஸ்ட், டெஸ்ட்" என்று எழுதி வைத்திருந்தேன். லீமா சேர் சுளித்தார். "பழைய சேர்வரை விழுத்தினது என்ன? மரண அறிவித்தல். அப்ப புதுசுக்கும் அதைத்தான் குடுக்கணும். முழு நீளத்தில, படத்தோட."

"ஆருட பேரைப் போடுற சேர்?"

"பேர் பொய்யா இரிக்கலாம். படம்? ஆற்ற படத்தைப் போட்டாலும் வழக்கு வரும். என்ட படத்தைப் போட்டா நான் வழக்கு வைக்க மாட்டன். படம் என்ட எண்டா பேரும் என்டதா இரிக்கட்டும்."

"உயிரோட இரிக்கிற ஆளுக்கு இப்பிடி எழுதப்படாது சேர்!"

"எழுதிப் போற உயிர் எண்டா, என்னைப் பத்திக் கொழும்புக்குப் போன மொட்டைக் கடிதங்களுக்கே போயிரிக்கும். அடியுங்க பிள்ளை."

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் அன்புக் கணவரும், இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று வேகமாக வந்தவர், சகோதரங்களின் இடத்தில் நின்றுவிட்டார்.

அவருக்கு ஒரே ஒரு அக்கா, பிலோமினா. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ஆனால் அவர்கள் பேசிக்கொள்வதில்லை. காரணம் அலுவலகம் முழுவதற்கும் தெரியும், அவர் முன்னால் யாரும் எடுப்பதில்லை. அக்காவின் மகளுக்குக் கல்யாணம் வந்தபோது, அழைப்பிதழை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் நெருங்கிய சொந்தத்துக்கு வாசலுக்கு வந்து வாயால் சொல்ல வேண்டும். "என்ட வாசல் ஏறிச் சொல்லாத கல்யாணத்துக்கு நான் என்னத்துக்குப் போற?" என்று இவர் போகவில்லை. வாழ்க்கை முழுவதும் மின்னஞ்சலை நம்பும்படி ஊரைக் கெஞ்சிய மனிதர் இவர். தன் அக்கா அதை நம்பியதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "பிலோமினாவின் அன்புச் சகோதரரும் எண்டு போடுங்க" என்றார். "நீளம் குறைஞ்சாச் சோதினை பிழைச்சிரும்."

நீளம் அவ்வளவு முக்கியமா என்று நான் கேட்கவில்லை. அவர் சொன்னபடியே அடித்தேன்.

பிறகு அனுதாபங்கள். சில வசனங்களை நான் எழுதிக் கொடுக்க, மென்பொருள் அவற்றைக் கலந்து எல்லோருடைய பெயரிலும் எல்லோருக்கும் பதில் போட்டது. லீமா சேர் கதிரையில் சாய்ந்து ஒவ்வொன்றாக வாசித்தார். "பணிப்பாளருக்கு நான் ஈடுசெய்ய முடியாத இழப்பாம். போன கிழமை லீவு கேக்கக்குள்ள இது அவருக்குத் தெரியல்லியே!"

சேர்வர் முதல் சுற்றிலேயே திணறியது. அஞ்சல் பெட்டிகளும் வரிசையும் ஒரே டிஸ்கில் இருந்ததால் இரண்டும் முட்டிக்கொண்டன. வரிசையைத் தனி டிஸ்குக்கு மாற்றினோம். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, மறுபடி மறுபடி லீமா சேரைச் சாகடித்துப் பார்த்தோம். கடைசியில் சேர்வர் அசையாமல் நின்றது. அன்று நான் வீட்டுக்குப் போய் மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். காரணம் தெரியாமல் அவள் நெளிந்தாள்.

முறைப்படி பார்த்தால், சோதனை முடிந்த மெசினை முழுக்க அழித்து, புதிதாக அமைத்த பிறகே பாவனைக்கு விட வேண்டும். லீமா சேருக்கு மனம் வரவில்லை. "இவ்வளவு பாடுபட்டுப் பழக்கின மெசினை அழிக்கிறதா?" என்றார். அஞ்சல் பெட்டிகளின் டிஸ்கை மட்டும் துடைத்து, பழைய சேர்வரிலிருந்து உண்மையான அஞ்சல்களைக் கொண்டுவந்து வைத்தோம். வரிசையைத் தனி டிஸ்கில் வைத்த கெட்டித்தனத்தில், அங்கே சொந்த முகவரிகளுக்குத் திருப்பிவிட்ட அஞ்சல்கள் ஒரு கூட்டமாக வெளியே போகக் காத்து நிற்பது இருவருக்கும் நினைவில் இல்லை.

பாவனைக்கு விட்ட நாள் நல்ல நேரம் பார்த்து, மெசினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, ஊதுபத்தி கொளுத்தினேன். லீமா சேர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ஆணியில் தொங்கிய வயரை எடுத்தார். சிவப்பு நாடாவைத் தானே உரித்தார். சொருகினார். விளக்குகள் பச்சையாக மின்னின. "பாத்தீங்களா பிள்ளை? பூப்போல ஓடுது. நான் சாப்பிட்டிட்டு வாறன்" என்று போய்விட்டார்.

வெள்ளம் வடிந்துவிட்டது என்று எண்ணிய சேர்வர், இவ்வளவு நாளும் பத்திரமாக வைத்திருந்த அஞ்சல்களையெல்லாம் விசுவாசமாக அனுப்பத் தொடங்கியது.

ஊரில் யாருக்கோ வந்த மெயில் காதில் விழுந்து, முதலில் என் வீட்டுக்காரரின் போன். "லீமா சேர் செத்திட்டாராமே! நீ ஏன் எனக்குச் சொல்லல்ல?" நான் பதில் சொல்லும் முன்பே கணக்குப் பிரிவிலிருந்து இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்தார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் மரண அறிவித்தலோடு பணிப்பாளர் முதல் காவலாளிவரை எல்லோருடைய அனுதாபங்களும் சேர்ந்தே வந்திருந்தன. பணிப்பாளரே போனைப் பிடித்தபடி ஓடி வந்தார். "மிஸ், இது நான் எப்ப எழுதின? ஆனா வாசிச்சா நான் எழுதின மாதிரித்தான் இரிக்கு." செய்தி கிடைத்தவர்கள் உண்மையாகவே எல்லோருக்கும் பதில் போடத் தொடங்கியிருந்தார்கள். ஒவ்வொரு பதிலோடும் லீமா சேரின் படம்.

சேர்வர் இப்போது விழுந்தால் நான் கொழும்புக்கு. லீமா சேருக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. சாப்பாட்டு நேரம். வரிசையில் மிச்சம் நின்ற சோதனை அஞ்சல்களை மட்டும் நிறுத்தி, "லீமா சேர் உயிரோடு இருக்கிறார்" என்று எல்லோருக்கும் அனுப்பினேன். அதற்கும் சிலர் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்றே பதில் போட்டார்கள். திறீவீலர் பிடித்துக்கொண்டு வாவிப் பாலத்தைத் தாண்டி ஓடினேன்.

அவர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் செட்டிபாளையம் நிலையத்துச் சாரதி சாவு வீட்டு வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நின்றார். வேலை விடயமாக நகரத்துக்கு வந்தவர், கையோடு காரியத்தைத் தொடங்கிவிட்டார். அயலவர்கள் பிளாஸ்ரிக் கதிரைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தி வந்தால் யாரும் போனில் விசாரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நேரே வீட்டுக்குப் போவார்கள். சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. இடுப்பில் சாரத்தோடு, சோற்றுக் கையோடு லீமா சேர் நின்றார். மாலையோடு முன்னால் நின்ற ஒரு பெண்மணி மாலையைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

"என்ன பிள்ளை இது?" என்றார் என்னைப் பார்த்து.

"வரிசை சேர்" என்றேன். "வரிசையைத் துடைக்கல்ல."

அவருக்கு ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் போர்த்துக்கேயச் சொல் வாய்வரை வந்தது. அதற்குள் ஒழுங்கையில் யாரோ அழுதுகொண்டு வரும் சத்தம். பிலோமினா அக்கா. யாரோ போனில் காட்டிய மெயிலைப் பார்த்துவிட்டு, வீட்டு உடுப்போடு, செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தவர், தம்பியைக் கண்டதும் நின்றார். ஆளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கிட்டப் போய்த் தோளில் ஓங்கி ஒரு அடி.

"சாவுக்கு மெயில் போட்டா நாங்க ஓடி வரணும். கல்யாணத்துக்கு மெயில் போட்டா நீ வர மாட்டாய், என்ன?"

கொடி கட்டினவர்கள்கூட அப்படியே நின்றுவிட்டார்கள். லீமா சேரின் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் அவர், "சாப்பிட்டியா அக்கா?" என்றார்.

"உன்ட சாவு வீட்டில நான் சாப்பிடுறதா?" என்று சொல்லிக்கொண்டே பிலோமினா அக்கா உள்ளே போனார். நானும் போனேன். மீன் குழம்பு நன்றாக இருந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் முதலில் மூலை அறைக்கு ஓடினோம். சேர்வர் நின்றுகொண்டிருந்தது. உண்மையான ஆட்கள், உண்மையான அனுதாபம், உண்மையான படம், எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நின்றது. கொழும்புப் பொறியியலாளர் போன் எடுத்தார். தானும் அனுதாபம் அனுப்பிவிட்டதாகச் சொல்லி முதலில் திட்டினார். லீமா சேர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நீங்க கேட்ட சோதினையை உயிருள்ள ஆக்களை வச்சே செஞ்சு காட்டியிரிக்கம். விழுந்ததா?" என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. எங்களை யாரும் இடம் மாற்றவில்லை. லீமா சேர் ஓய்வு பெறும்வரை, "சேர், எப்பிடிச் சுகம்?" என்று கேட்பவர்களிடம் "இன்னும் வரிசையிலதான் நிக்கிறன்" என்பார்.

பிள்ளைகளுக்கு நான் சொன்ன கதை இதோடு முடிந்தது. மிச்சம் நான் ஓய்வு பெற்ற பிறகு நடந்தது.

லீமா சேர் கடைசிக் காலத்தில் கொழும்பில் மகனோடு இருந்தார். அங்கேதான் காலமானார். அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்து, உடலை ஊருக்குக் கொண்டுவருகிறோம், அலுவலகத்து ஆட்களுக்கு அறிவித்துவிடு என்றார். அந்தப் பழைய அறிவித்தல் என்னிடம் இருந்தது. அழுதுகொண்டே அதைத் திறந்தேன். திகதியைத் தவிர ஒன்றையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. "பிலோமினாவின் அன்புச் சகோதரரும்" அப்படியே இருந்தது. பிரிவில் இருந்த பிள்ளைகளிடம் கொடுத்து எல்லோருக்கும் அனுப்பச் சொன்னேன்.

ஒரு அனுதாபமும் வரவில்லை. அந்தக் கதை நிறுவனம் முழுவதும் பரவி, புதிதாக வந்தவர்களுக்குக்கூட மனப்பாடம். வந்த ஒரே பதில் வாகரை நிலையத்திலிருந்து: "கிளவுட் சோதனை வெற்றி. வாழ்த்துக்கள்."

மின்னஞ்சலால் இனி ஆகாது என்று தெரிந்துவிட்டது. பிலோமினா அக்காவின் வீட்டுக்குப் போனேன். அவருக்குச் செய்தி தெரியும், வாசலிலேயே இருந்தார். நிலைமையைச் சொன்னேன். எழும்பிச் சேலையைச் சரி செய்துகொண்டார்.

"வா பிள்ளை, போவம்" என்றார். "நான் வந்து சொன்னாத்தான் சனம் நம்பும்."

திறீவீலரில் வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் அக்காவே இறங்கி, படி ஏறி, வாயால் சொன்னார். மூட்டு வருத்தம் உள்ளவர். "நீங்க இரிங்க, நான் போறன்" என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. கடைசி வீட்டுப் படியிலிருந்து இறங்கி வந்து, மூச்சு வாங்க என் பக்கத்தில் இருந்தவர், அழுதுகொண்டே சிரித்தார்.

"அண்டைக்கு அவன்ட ஒரு வாசல் ஏறியிருந்தாப் போதும்" என்றார். "இண்டைக்கு ஊர் வாசலெல்லாம் ஏற வச்சிட்டான்."